பத்மாவதி (ஆப்பெரா)

பத்மாவதி என்பது பிரெஞ்சு இசையமைப்பாளர் ஆல்பேர் ரூசெல் சித்தூர் அரசி பத்மினியின் கதையைக் கொண்டு அமைத்த இரண்டு அங்க ஆப்பெரா ஆகும். 1923ஆம் ஆண்டு சூன் 1 அன்று பாரிஸ் நகரின் ஆப்பெரா அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. பாடல்வரிகளை லூயி லாலுவா என்ற இசை அறிஞர் எழுதினார். ஏறத்தாழ 85 ஆண்டுகளுக்குப் பின், 2008இல், இந்தித் திரைப்பட இயக்குநர் சஞ்சய் லீலா பன்சாலி பாரிஸின் சாத்லே அரங்கில் இதை மீண்டும் மேடையேற்றினார். ஓர் இந்திய அரசியை மையமாகக் கொண்ட ஐரோப்பிய ஆப்பெராக்களில், இந்தியாவைக் கண்ணால் பார்த்தவர் ஒருவர் எழுதியது என்ற வகையில் இதற்குத் தனி இடம் உண்டு.

ஆப்பெராவும் நம் இசை நாடகமும்

ஆப்பெரா என்ற சொல்லைக் கேட்டதும் பல மாணவர்கள் பாட்டு நிறைந்த நாடகம் என்று எழுதிவிடுகிறார்கள். அது பாதிதான் சரி. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி போன்ற நாடகங்களும் பாட்டு நிறைந்தவைதான். ஆனால் அவற்றில் ராஜபார்ட் நடிகர் பாடுவார், பிறகு வசனம் பேசுவார், எதிரில் நிற்கும் ஸ்திரீபார்ட்டோடு தர்க்கம் செய்வார். அந்தத் தர்க்கத்தைப் பெரும்பாலும் அந்தந்த இரவிலேயே உண்டாக்கிக்கொள்வார். ஒரு ஆர்மோனியமும் ஒரு மிருதங்கமும் இருந்தால் விடிய விடிய நாடகம் நடக்கும். ஆப்பெராவில் அப்படியில்லை. பெரும்பாலான ஆப்பெராக்களில் முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை இசையமைப்பாளர் சுரம் எழுதிவைத்ததே பாடப்படும். மேடைக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் அறுபது, எழுபது பேர் கொண்ட வாத்தியக் குழு அமர்ந்திருக்கும். பாடகர் ஒலிபெருக்கி இல்லாமல் அத்தனை வாத்தியங்களையும் தாண்டித் தன் குரலைக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பத்மாவதி சாதாரண ஆப்பெராவும் அல்ல. ஆப்பெரா-பாலே என்ற வகையைச் சேர்ந்தது. பாட்டுக்கு இணையாக ஆட்டமும் கதையை நடத்திச் செல்லும் இந்த வடிவம் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பிரெஞ்சு அரங்கில் செழித்து, பின் வழக்கொழிந்தது. ரூசெல் அதை வேண்டுமென்றே மீட்டெடுத்தார். ஓர் இந்தியக் கதைக்கு இந்த வடிவம் பொருந்தும் என்று அவர் கருதியதில் வியப்பில்லை. பாட்டையும் ஆட்டத்தையும் பிரித்துப் பார்க்காத மேடை மரபு நம்முடையது.

ரூசெலின் இந்தியப் பயணம்

ரூசெல் 1869இல் வட பிரான்சில் பிறந்தவர். இளமையில் கடற்படை அதிகாரியாக இருந்தார். 1894இல் அந்த வேலையை விட்டுவிட்டு இசைக்கு வந்தார். 1908இல் திருமணம் செய்துகொண்டு, அடுத்த ஆண்டு மனைவியோடு இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் சில மாதங்கள் சுற்றினார். எல்லோரா, ஜெய்ப்பூர், காசி ஆகிய மூன்று இடங்களின் நினைவாக மூன்று பகுதிகள் கொண்ட இசைப்படைப்பு ஒன்றை 1910-11இல் எழுதினார். அதே பயணத்தில் அவர் பார்த்த இன்னோர் இடம் சித்தூர்க் கோட்டை. பாழடைந்த அரண்மனைகளுக்கு நடுவே கேட்ட பத்மினியின் கதை மனத்தில் தங்கிவிட்டது. பாரிஸ் ஆப்பெராவின் இயக்குநராகப் பொறுப்பேற்கவிருந்த ஜாக் ரூசே ஒரு படைப்பு கேட்டபோது இந்தக் கதையையே எடுத்துக்கொண்டார். 1913இல் தொடங்கிய வேலை முதல் உலகப்போரால் நின்றது. ரூசெல் போர்முனைக்குச் சென்று திரும்பினார். 1918இல்தான் இசை முழுமை பெற்றது. மேடையேற மேலும் ஐந்து ஆண்டுகள் ஆயின.

அவருக்கு முன்பும் பிரெஞ்சு மேடையில் இந்தியக் கதைகள் வந்துள்ளன. பிசேயின் முத்துக் குளிப்போர் (1863) இலங்கையில் நடப்பது. மாசனேயின் லாகூர் அரசன் (1877), தெலிபின் லக்மே (1883) ஆகியவையும் புகழ்பெற்றவை. இவை எல்லாம் பாரிஸில் உட்கார்ந்து கற்பனை செய்த இந்தியாக்கள். ரூசெலின் இசையில் கற்பனை இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இந்திய அளவுத்தொடர்களின் சாயல் அவர் மெட்டுகளில் ஊடுருவியிருப்பதைக் கவனமாகக் கேட்டால் உணரலாம். சொற்களின்றி வெறும் அகாரமாகக் கூட்டுக்குரல்கள் பாடும் இடங்கள் குறிப்பிடத்தக்கவை.

கொங்கு நாட்டு வாசகர்கள் இங்கே அறிய வேண்டிய துணைச் செய்தி ஒன்று உண்டு. ரூசெலின் காலத்திலேயே மோரிஸ் தெலாஜ் என்ற மற்றொரு பிரெஞ்சு இசையமைப்பாளரும் இந்தியாவுக்கு வந்தார். இவர் புகழ்பெற்ற ரவேலின் மாணவர். இவரைக் கவர்ந்த குரல் கோயம்புத்தூர் தாயியின் குரல். பழனிக்குஞ்சரம் என்ற இயற்பெயர் கொண்ட தாயி (1872-1917), இசைத்தட்டுகள் தென்னாட்டுக்கு வந்த தொடக்க ஆண்டுகளிலேயே ஏராளமாகப் பாடிப் பதிவு செய்தவர். அவர் பாடிய இராமலிங்க அடிகளின் பாடல் இசைத்தட்டு ஒன்றை ஆதாரமாக வைத்துத் தெலாஜ் ராகமாலிகா என்ற தனிப்பாடலை எழுதினார். அதில் மத்தளத்தின் ஒலி வேண்டும் என்பதற்காகப் பியானோவின் ஒரு கம்பியில் அட்டையைச் செருகி ஒலியை மழுக்கச் சொல்லியிருக்கிறார். பியானோவை இவ்வாறு மாற்றி ஒலிக்கச் செய்ததற்கு மிகப் பழைய எடுத்துக்காட்டுகளில் ஒன்றாக அதைக் குறிப்பிடுவார்கள். பத்மாவதி எழுதப்பட்ட அதே ஆண்டுகளில் ஒரு கோயம்புத்தூர்க் குரல் பாரிஸ் வரை போய்ச் சேர்ந்திருந்தது என்பதை நம் ஊர்ப் பாடப்புத்தகங்களில் எங்கும் காணோம்.

வரலாறு எவ்வளவு, கதை எவ்வளவு

டில்லி சுல்தான் அலாவுதீன் கில்சி 1303ஆம் ஆண்டு சித்தூர்க் கோட்டையை முற்றுகையிட்டுக் கைப்பற்றினார். இது வரலாறு. அப்போது மேவாரை ஆண்டவன் இரத்தினசிம்மன். அவனுக்குக் கல்வெட்டுச் சான்று உண்டு. அந்தப் படையெடுப்பில் சுல்தானுடன் சென்ற கவிஞர் அமீர் குஸ்ரோ அதைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் நூலில் பத்மினி என்ற பெயர் இல்லை.

பத்மினி நமக்குத் தெளிவாகக் கிடைப்பது 1540இல் மாலிக் முகம்மது ஜாயசி அவதி மொழியில் எழுதிய பத்மாவத் காவியத்தில். அதாவது முற்றுகை முடிந்து 237 ஆண்டுகளுக்குப் பிறகு. காவியத்தின்படி பத்மாவதி சிங்களத் தீவின் இளவரசி. பேசும் கிளி ஒன்று அவள் அழகைச் சொல்லக் கேட்டு இரத்தினசேனன் துறவுக்கோலம் பூண்டு கடல் கடந்து போய் அவளை மணக்கிறான். ஜாயசி ஒரு சூஃபி. ஆன்மா இறைவனைத் தேடுவதன் உருவகமாக இக்கதையைப் படிப்பவர்கள் உண்டு. பின்னர் இராசபுத்திர மரபிலும், 1829இல் ஜேம்ஸ் டாட் எழுதிய நூலிலும் இக்கதை வரலாறாகவே இடம்பெற்றது. தியோதோர் பாவி என்ற பிரெஞ்சு அறிஞர் 1856இல் இந்தி நூல்களைக் கொண்டு இதைப் பிரெஞ்சில் எழுதினார். லாலுவா எடுத்துக்கொண்டது பாவியின் நூலைத்தான்.

ஆகவே பத்மாவதியை வரலாற்று அரசி என்று எழுதும் மாணவர், எந்தப் பொருளில் அப்படிச் சொல்கிறார் என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுத வேண்டும். நகரம் உண்மை, முற்றுகை உண்மை, அரசன் உண்மை. அரசியை நமக்குத் தந்தது காவியம்.

கதைச் சுருக்கம்

முதல் அங்கம் சித்தூர் நகரின் சதுக்கத்தில் நடக்கிறது. முற்றுகையிட்ட அலாவுதீன் சமாதானம் பேச நகருக்குள் வருகிறான். அவனோடு ஒரு பிராமணன் வருகிறான். ரதன் சென் விருந்தாளியை வரவேற்று வீரர்களின் ஆட்டத்தையும் பெண்களின் ஆட்டத்தையும் காட்டுகிறான். அலாவுதீனுக்கு அது போதவில்லை. அரசியைப் பார்க்க வேண்டும் என்கிறான். தயங்கித் தயங்கி அரசன் இணங்குகிறான். பத்மாவதி மாடத்தில் தோன்றி முகத்திரையை விலக்குகிறாள். அலாவுதீன் கலங்கிப்போய்ப் புறப்பட்டுவிடுகிறான். பின்தங்கிய பிராமணன் நிபந்தனையைச் சொல்கிறான்: அரசியை ஒப்படைத்தால் சமாதானம், இல்லையேல் அழிவு. அரசன் மறுக்கிறான். கூட்டம் பிராமணனை அடித்துக் கொல்கிறது.

இரண்டாம் அங்கம் சிவன் கோயிலின் நிலவறையில், விடியலுக்கு முந்திய இருளில். கோட்டை வீழும் நிலை. உயர்ந்த பலி வேண்டும் என்று பூசாரிகள் சொல்கிறார்கள். காயம்பட்டு வரும் ரதன் சென், விடியும்வரைதான் தவணை என்றும், மக்களைக் காப்பாற்ற அவள் சுல்தானிடம் போக வேண்டும் என்றும் மனைவியிடமே கேட்கிறான். அவள் மறுக்கிறாள். அவன் வற்புறுத்துகிறான். அந்தப் பாவம் அவன்மேல் விழுவதற்குமுன் அவள் அவனைக் கத்தியால் குத்திக் கொன்றுவிடுகிறாள். கணவனைக் கொன்றவள், கணவனோடு சிதையேற வேண்டியவளும் ஆகிறாள். சிவனின் பெண்களாக உருவகிக்கப்பட்ட தெய்வங்கள், காளி, துர்க்கை உட்பட, ஆடி வருகிறார்கள். சிதை மூட்டப்படுகிறது. கதவை உடைத்து வரும் அலாவுதீன் காண்பது புகை மட்டுமே.

அரசன் மனைவியைக் கேட்பதும், அவள் அவனைக் கொல்வதும் ஜாயசியில் இல்லை. காவியத்தில் இரத்தினசேனன் வேறோர் அரசனோடு நடந்த சண்டையில் மாள்கிறான். லாலுவா செய்த இந்த மாற்றத்தால் கதையின் எடை இடம் மாறிவிட்டது. பகைவன் வெளியே இருக்கிறான். அரசியைக் கைவிடுவது உள்ளே இருப்பவன்.

அரசியை மேடையில் காட்டும் சிக்கல்

இந்த ஆப்பெராவை மேடையேற்றும் எவருக்கும் முதல் தலைவலி மாடக் காட்சிதான். ஒரு பேரரசன் ஒரு பார்வையில் நிலைகுலைய வேண்டும். அவளோ அந்தக் காட்சியில் பாடுவதில்லை. அவள் மௌனமாக நிற்க, நாகம்தி என்ற இளம்பெண் கீழிருந்து அவள் அழகைப் பாடுகிறாள். பிராமணனும் பாடுகிறான். அரசியின் அழகு என்பது பிறர் வாயால் நம் காதுக்கு வருவது. நாகம்தி என்ற பெயர், காவியத்தில் இரத்தினசேனனின் மூத்த மனைவியான நாகமதியின் பெயரிலிருந்து வந்ததாகலாம். அப்படியானால் சக்களத்தியின் பெயரைத் தாங்கியவளே புகழ்ந்து பாடுகிறாள்.

ஜாயசியின் காவியத்தில் சுல்தான் அவளை நேரில் பார்ப்பதில்லை. கண்ணாடியில் விழுந்த உருவத்தைத்தான் பார்க்கிறான். காகிதத்தில் அது எளிது. மேடையில் உண்மையான ஒருவர் திரையை விலக்கிக்கொண்டு நின்றே ஆக வேண்டும். அவரை அரங்கிலுள்ள ஆயிரம் பேரும் அலாவுதீனோடு சேர்ந்து பார்க்கிறார்கள். அழகைக் காட்டுவதா, அழகைப் பார்க்கும் பேராசையைக் காட்டுவதா என்பதை இயக்குநர் இங்கே தீர்மானித்தாக வேண்டும். விளக்கை மாடத்தின்மேல் போட்டால் பார்வையாளர் அனைவரும் சுல்தானாகிவிடுவர். விளக்கை அலாவுதீனின் முகத்தில் போட்டால் அரசி தப்பித்துக்கொள்வாள். நாகம்தியின் பாட்டில் உள்ள அடக்கத்தைக் கேட்கும்போது, இரண்டாவதுதான் இசைக்கு நெருக்கமானது என்று தோன்றுகிறது.

குரலும் கவனிக்கத்தக்கது. ஐரோப்பிய ஆப்பெராவில் கதாநாயகி என்றால் பெரும்பாலும் உச்சக்குரல். ரூசெல் பத்மாவதிக்குக் கனத்த கீழ்க்குரலைக் கொடுத்தார். முதல் மேடையேற்றத்தில் அந்தப் பாத்திரத்தைப் பாடிய கெத்தி லாப்பிரெத் அத்தகைய குரல் உடையவர். எனவே முதல் அங்கத்தின் பெரும்பகுதியில் கண்ணுக்கு மட்டும் உரியவளாக இருந்தவள், இரண்டாம் அங்கத்தில் வாய் திறக்கும்போது அரியணைக்குரிய குரலோடு பேசுகிறாள். அழகைப் பற்றிய பேச்சு அங்கே அடங்கிப்போகிறது.

மேடைக்கு இன்னொரு இடைஞ்சலும் உண்டு. இந்த ஆப்பெராவில் வெளிநடப்பு குறைவு. போர் மேடைக்கு அப்பால் நடக்கிறது. பாத்திரங்கள் நின்று பாடுகிறார்கள். கூட்டம் நின்று பதில் பாடுகிறது. பலர் இதைக் கச்சேரி மேடைக்கு ஏற்ற இசை என்றே மதிப்பிட்டுள்ளனர். ஆட்டங்கள் இல்லாவிட்டால் மேடை உறைந்துபோகும்.

1923, 2008

முதல் நிகழ்ச்சியை பிலிப் கோபேர் நடத்தினார். ரதன் சென்னாக போல் பிரான்ஸ் பாடினார். பாராட்டு கிடைத்தது என்றாலும் ஆப்பெரா அரங்குகளின் வழக்கமான பட்டியலில் இது நிலைக்கவில்லை. பெரிய கூட்டுக்குரல், பெரிய வாத்தியக் குழு, தனி ஆட்டக் குழு என மூன்றையும் கேட்கும் படைப்பு இது. நிகழ்ச்சி நீளமோ இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. செலவுக் கணக்குப் பார்க்கும் அரங்க நிருவாகம் தயங்கத்தான் செய்யும்.

அதே 1923இல் இலண்டனில் உதய சங்கர், அன்னா பாவ்லோவாவுடன் இராதா-கிருஷ்ணா என்ற ஆட்டத்தை ஆடினார். ஐரோப்பிய மேடையில் இந்தியா என்ற பெயரில் ஐரோப்பியரே ஆடிவந்த காலத்தில் ஓர் இந்திய உடல் அங்கே வந்து நின்ற ஆண்டு அது. இந்தத் தொடர்பு 2008இல் வேறு வழியில் பத்மாவதியை வந்தடைந்தது. பன்சாலியின் மேடையேற்றத்துக்கு ஆட்டங்களை அமைத்தவர் தனுஸ்ரீ சங்கர். உதய சங்கரின் மருமகள்.

சாத்லே அரங்கின் இயக்குநர் ஷான்-லூக் ஷோப்லேன் பன்சாலியை அழைத்தார். தேவதாஸ் படத்தின் பிரமாண்டம் ஐரோப்பாவில் அறியப்பட்டிருந்தது. லாரன்ஸ் ஃபாஸ்டர் வாத்தியக் குழுவை நடத்தினார். சில்வி புரூனே பத்மாவதியாகப் பாடினார். ஆடைகளை ராஜேஷ் பிரதாப் சிங்கும் அரங்க அமைப்பை ஓமங் குமாரும் பார்த்துக்கொண்டனர். மேடைக்கு உயிருள்ள யானையும் குதிரையும் வந்தன. பாடியவர்கள் ஐரோப்பியர், ஆடியவர்கள் இந்தியர். 1923இல் பிரெஞ்சுக்காரர்கள் இந்தியரைப்போல் ஆட முயன்ற ஆட்டங்களை இம்முறை இந்தியர்களே, பிரெஞ்சுக்காரர் எழுதிய தாளத்துக்கு, ஆடினார்கள். யானை இல்லாமலும் ஆப்பெரா நடந்திருக்கும். இந்த மாற்றம்தான் அந்த மேடையேற்றத்தின் பெறுமதி.

பத்து ஆண்டுகள் கழித்து பன்சாலி இதே கதையைத் திரைப்படமாக எடுத்தபோது நிலைமை வேறாக இருந்தது. 2017 சனவரியில் ஜெய்ப்பூர்ப் படப்பிடிப்புத் தளத்தில் தாக்குதல் நடந்தது. பத்மாவதி என்ற பெயர் பத்மாவத் என்று மாற்றப்பட்டு 2018 சனவரி 25 அன்று படம் வெளியானது. பாரிஸில் ஒரு பழங்கதையாகப் பார்க்கப்பட்டவள், ராஜஸ்தானில் குலத்தின் மானமாகப் பார்க்கப்பட்டாள்.

கடைசித் தீ

முடிவுக் காட்சியை இன்று எப்படி மேடையேற்றுவது என்பது கடினமான கேள்வி. சௌகர் என்பது கோட்டை வீழும்போது பெண்கள் கூட்டமாகத் தீப்புகுவது. சதி என்பது இறந்த கணவனின் சிதையில் மனைவி ஏறுவது. லாலுவா இரண்டையும் கலந்துவிட்டார். கோட்டை வீழ்ச்சி சௌகருக்குரியது, சடங்கு சதிக்குரியது. கம்பெனி ஆட்சி 1829இல் சதியைத் தடை செய்தது. 1987இல் ராஜஸ்தானின் தேவ்ராலா கிராமத்தில் ஓர் இளம்பெண் சிதையில் எரிந்ததைத் தொடர்ந்து, சதியைப் போற்றிக் கொண்டாடுவதையும் குற்றமாக்கும் மத்தியச் சட்டம் அதே ஆண்டில் வந்தது. 1923இன் பாரிஸ் பார்வையாளருக்கு அது தொலைதூரத்து மாயக்காட்சி. நமக்கு அது செய்தித்தாளில் வந்த செய்தி.

ரூசெலின் இசை அந்த இடத்தில் வெற்றிமுழக்கம் செய்யவில்லை. தெய்வங்களின் ஆட்டம் அவளை நெருங்கி வரவர இசை இருள்கிறது. சொல்லில்லாக் கூட்டுக்குரல் மெதுவாகத் தேய்கிறது. தீயை அலங்காரமாக்கும் மேடையேற்றம் இந்த இசைக்கு எதிராகப் போகிறது என்பதே என் எண்ணம்.

கொங்கு நாட்டுக் கேட்போருக்கு இது முற்றிலும் புதியதாக இராது. அண்ணன்மார் கதையில் பொன்னரும் சங்கரும் மாண்டபின், அண்ணிமார் இருக்கும் அரண்மனைக்குத் தங்காள் தீயிடும் இடம் வருகிறது. உடுக்கைப் பாட்டுக்காரர் அங்கே தீயைக் காட்டுவதில்லை. காட்ட அவரிடம் ஒன்றும் இல்லை. ஓர் உடுக்கையும் குரலும்தான். தாளம் தாழ்ந்து, குரல் ஒப்பாரியாகிவிடும். கேட்பவர்கள் தங்காளைப் போற்றவும் மாட்டார்கள், பழிக்கவும் மாட்டார்கள், அழுவார்கள். பத்மாவதியின் கடைசிக் காட்சிக்கு ஒரு தமிழ் இயக்குநர் வழி தேடினால் சாத்லே அரங்கைவிட வீரப்பூர்த் திருவிழாவில் அதிகம் கிடைக்கலாம்.

கேட்கவும் பார்க்கவும்

மிஷல் பிளாசோன் நடத்திய இசைப்பதிவு 1980களில் வெளிவந்தது. மெரிலின் ஹார்ன் பத்மாவதியாகவும், நிக்கோலாய் கெட்டா ரதன் சென்னாகவும், ஜோசே வான் தாம் அலாவுதீனாகவும் பாடியுள்ளனர். பிரெஞ்சு தெரியாதவர்கள் முதல் அங்கத்தில் நாகம்தியின் பாட்டிலிருந்து தொடங்கலாம்.

தமிழில் இக்கதை சித்தூர் ராணி பத்மினி என்ற பெயரில் 1963இல் திரைப்படமாக வந்தது. சிவாஜி கணேசனும் வைஜயந்திமாலாவும் நடித்தனர், இசை ஜி. ராமநாதன். ஆப்பெராவில் மௌனமாக நிற்கும் பத்மினி, இப்படத்தில் தேர்ந்த நடனக் கலைஞர் ஒருவர் ஏற்ற பாத்திரம். ஒரே கதையை இரு மேடை மரபுகள் எப்படிக் கையாள்கின்றன என்பதை ஒப்பிட விரும்பும் மாணவர்கள் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பது நல்லது.